ஊர்ச்சொல்லும் மருத்துவச் சொல்லும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் சொல்லிவிட்டு இறங்குவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அவற்றைச் சொல்லி உங்கள் குடும்ப வைத்தியர் ஏற்கெனவே வேண்டிய அளவு வெருட்டியிருப்பார். நாங்கள் இன்று கதைக்க வந்தது சொற்களைப் பற்றி. நம் ஆச்சிமார் உடம்பையும் நோயையும் அறிவையும் பற்றிப் பேசிய சொற்கள், இன்னொரு மொழிக்குப் போகும்போது என்ன ஆகின்றன என்பது பற்றி. இது தமிழாசிரியர்களின் வேலை அல்லவா என்று கேட்கலாம். பொறுங்கள், இதில் உயிர் போகிற காரியமும் இருக்கிறது.

1980இல் அமெரிக்காவின் தென் புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை நினைவிழந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். அவர் சாப்பிட்ட சாப்பாட்டில்தான் ஏதோ பிழை என்று வீட்டார் நினைத்தார்கள். 'இன்ரொக்ஸிக்காதோ' என்ற ஸ்பானியச் சொல்லைச் சொன்னார்கள். கியூபர்களின் பேச்சில் அதற்கு, தின்றதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளாமல் போயிற்று என்று பொருள். ஆங்கிலத்தில் அதே உருவமுள்ள சொல்லுக்குப் போதையேறியவன் என்று பொருள். மொழிபெயர்ப்பாளர் யாரையும் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது போலத்தான் இருந்தது. போதைமருந்து கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு வைத்தியம் நடந்தது. உண்மையில் மூளைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது தெரியவர இரண்டு நாள் சென்றது. அதற்குள் இரண்டு கையும் இரண்டு காலும் இயங்காமல் போய்விட்டன. அந்த வழக்கில் ஒப்புக்கொள்ளப்பட்ட நட்டஈடு, அவருடைய வாழ்நாள் முழுவதற்குமாக ஏறத்தாழ 71 மில்லியன் டொலர். மருத்துவ மொழிபெயர்ப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

தெரியாத சொல் இவ்வளவு ஆபத்தானதல்ல. தெரியாவிட்டால் ஒருவர் கேட்பார். தெரிந்ததுபோல முகம் காட்டும் சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. தமிழுக்கும் தமிழுக்கும் இடையிலேயே அப்படிப்பட்ட சொற்கள் எத்தனையோ இருக்கின்றன என்பதை உலகெங்கும் ஆஸ்பத்திரி வாசல்களில் நிற்கும் நம் பழைய மாணவிகள் அறிவார்கள்.

'வருத்தம்' என்ற சொல்லை எடுங்கள். "அவவுக்கு மூன்று மாதமாய் வருத்தம்" என்றால் உடுவிலில் எல்லோருக்கும் விளங்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர், பாவம், அதை 'மூன்று மாதமாய்க் கவலையாய் இருக்கிறா' என்றே ஆங்கிலத்தில் சொல்வார். அவரில் பிழையில்லை, அவருடைய ஊரில் அதுதான் பொருள். 'நோ' என்று நாம் சொல்வதை அவர்கள் 'வலி' என்பார்கள். நம் ஊரில் 'வலி வந்தது' என்றால் பலருக்கு அது வலிப்பு. 'யோசினை கூட' என்று நம் அம்மாமார் சொன்னால் நித்திரையில்லாமல் கவலைப்படுகிறார்கள் என்று அர்த்தம்; மொழிபெயர்ப்பில் அது நிறைய எண்ணங்கள் உதிக்கின்ற புத்திசாலி என்று போய்ச் சேரும். பிள்ளைப்பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கொடுத்தோம் என்று ஒரு பேத்தியார் பெருமையோடு சொன்னால், சென்னைப் பேச்சில் 'சரக்கு' மதுபானம் என்பதை நினைத்துப் பாருங்கள். நாங்கள் இதைச் சொல்லும்போது சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும்.

ஆனால் எல்லாம் சிரிப்பாக முடிவதில்லை. நாங்கள் கடமையாற்றிய ஒரு மேலைநாட்டு ஆஸ்பத்திரிக்கு இந்தப் பக்கத்து வயோதிப அம்மா ஒருவர் வந்தார். தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பு நடந்தது. "சத்தி வருது பிள்ளை, நெஞ்சுக்குள்ளை ஒரு மாதிரி" என்றார். சத்தி என்றால் நமக்கு வாந்தி. மறுமுனையில் இருந்தவருக்கு அது சக்தி. உடம்பில் பலம் திரும்புகிறது, நெஞ்சில் சிறு அசௌகரியம் என்று குறிப்பில் ஏறியது. மகள் வேலையிலிருந்து ஓடிவந்து, 'இல்லை, அம்மா காலையிலிருந்து சத்தியெடுக்கிறா' என்று சொன்ன பிறகுதான் இருதயத்தைப் பரிசோதித்தார்கள். மாரடைப்பு. அம்மா தப்பினார். அந்த ஒன்றரை மணித்தியாலத்தை எந்த இயந்திரமும் மிச்சப்படுத்தியிருக்காது; உடுவிலில் படித்த ஒரு பெண் மிச்சப்படுத்தியிருப்பாள்.

இந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு ஒரு பழைய களரி நம் காலடியில் இருக்கிறது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1824இல் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் இங்கே பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோ தமிழ் ஆங்கில அகராதியை 1862இல் சென்னையில் வெளியிட்டார். 67,000க்கு மேற்பட்ட சொற்கள். அந்த வேலையை முதலில் தொடங்கியவர் நல்லூரில் இருந்த யோசப் நைற் பாதிரியார். அவர் இறந்தபின் வின்ஸ்லோவின் கைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1842இல், மானிப்பாயில் அச்சான அகராதி இருக்கிறது. ஏறக்குறைய 58,000 சொற்களை ஏந்திய அதற்குச் சந்திரசேகர பண்டிதர் உழைத்தார், நம் உடுவிலில் நெடுங்காலம் இருந்த லீவை ஸ்போல்டிங் ஐயர் உழைத்தார். அதே காலத்தில் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் தமிழ்ப் பழமொழிகளைச் சேர்த்து ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தார். 1874இல் வந்த பதிப்பில் 6,000க்கு மேற்பட்ட பழமொழிகள் இருக்கின்றன. 'போக்லோர்' என்ற ஆங்கிலச் சொல்லே 1846இல்தான் வில்லியம் தோம்ஸ் என்பவரால் உண்டாக்கப்பட்டது. இங்கிலாந்துக்காரருக்கு அதற்கு ஒரு பெயர் கிடைக்கமுன்னரே யாழ்ப்பாணத்தில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

அந்த அகராதிகளின் அட்டையில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. ஆனால் பிள்ளைப்பேற்றுச் சொல்லையும் சமையற்கட்டுச் சொல்லையும் குழந்தைக்கு வரும் வருத்தங்களின் பெயர்களையும் பண்டிதர்களும் பாதிரிமாரும் தாமாக அறிந்திருப்பார்களா? வின்ஸ்லோ தம் நூலின் தலைப்பிலேயே உயர்ந்த தமிழையும் தாழ்ந்த தமிழையும் சேர்த்துச் சொன்னார். அந்தத் 'தாழ்ந்த' தமிழில் பாதி பெண்களின் வாயில் இருந்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. நாங்கள் வைத்தியத்துறையினர் என்பதால் அவரில் எங்களுக்குக் கொஞ்சம் பட்சம். மானிப்பாயில் 1848 முதல் வைத்தியம் செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் எதிர்த்திசையில் மொழிபெயர்த்தார், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. 4,000 பக்கங்களுக்கு மேல். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று புத்தகங்கள். இந்தப் பெயர்களைக் கேட்டாலே அவருடைய முறை தெரியும். முதலில் தமிழ்ச் சொல்லைத் தேடினார். கிடைக்காவிட்டால் தமிழில் பழகிய வடசொல். அதுவும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாக்குக்கு ஏற்றபடி திருத்தினார். 'கெமிஸ்ட்ரி' 'கெமிஸ்தம்' ஆயிற்று. தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். அவர் 1873இல் ஊர் திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்பதைத் தன் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டுக்கொண்டவர் அவர். 1884இல் மசச்சூசெற்சில் காலமானார்.

கிறீன் செய்தது பெரிய காரியம். ஆனாலும் அது பாதி வழிதான். புத்தகத்தின் சொல்லை நோயாளிக்குக் கொண்டுபோனார். நோயாளியின் சொல்லைப் புத்தகத்துக்குக் கொண்டுபோவது மற்றப் பாதி, அது இன்னும் கிடக்கிறது.

அறிவைப் பற்றிய சொற்களையே பாருங்கள். ஸ்பானிய மொழியில் 'அறிதல்' இரண்டு வினை. விஷயத்தையும் செய்முறையையும் அறிவது 'சபேர்'. ஆளையோ ஊரையோ பழகி அறிவது 'கொனோசேர்'. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. தமிழ் இந்த விஷயத்தில் பெரிய பணக்காரி. படித்து வருவது ஏட்டறிவு. பட்டு வருவது பட்டறிவு. அதில் 'படுதல்' இருக்கிறது, அடிபடுவதும் துன்பப்படுவதும் உட்பட. ஆங்கிலத்தில் 'எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதினால் அந்த அடியின் நோ போய்விடும். கேட்டு வருவது கேள்வி ஞானம். வள்ளுவர் 'கல்வி' என்று ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி 'கேள்வி' என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். எழுத்தறியாத ஆச்சி ஒருவரின் கேள்வி ஞானத்தை ஆங்கிலத்தில் 'ஹியர்ஸே' என்று போட்டால், நீதிமன்றத்தில் தள்ளிவிடும் செவிவழிச் செய்தியாகிவிடும். சொல் சரி, மரியாதை போயிற்று.

'கைராசி' இன்னொன்று. 'அந்தப் பரியாரியாருக்குக் கைராசி' என்றால் அவர் அதிர்ஷ்டக்காரர் என்பதல்ல. நாடி பிடிக்கும் பழக்கமும், மருந்து சேர்க்கும் பக்குவமும், நோயாளிக்கு அவரில் உள்ள நம்பிக்கையும் சேர்ந்து ஒரு கையில் குடியிருப்பது. மருந்தில்லா வில்லையைக் கொடுத்துக்கூட நோ குறைவதை இன்றைய மருத்துவ ஆராய்ச்சி அளந்து பார்க்கிறது. நம் ஆட்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். 'பரியாரி' என்ற சொல்லோ பரிகாரியிலிருந்து வந்தது. வேறு ஊர்களில் அது முடிதிருத்துபவரைக் குறிக்கும். ஆங்கிலத்தில் அதைச் சிலர் 'நேட்டிவ் டொக்டர்' என்றார்கள், சிலர் 'குவாக்' என்றார்கள். செகராசசேகரமும் பரராசசேகரமும் போன்ற வைத்திய நூல்கள் நம் அரசர் காலத்திலிருந்து ஏட்டில் வந்தவை. பக்கத்து ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையா அவற்றை அச்சேற்றினார். அப்படியொரு மரபில் வந்தவரைப் போலி வைத்தியர் என்று எழுதுவது மொழிபெயர்ப்பா, தீர்ப்பா?

பழமொழிகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று எங்களைப் பார்த்துச் சொல்லாத ஆள் இல்லை. வேரைக் கொண்டவன் என்பதுதான் பேரைக் கொன்றவன் ஆயிற்று என்பார்கள். எங்கள் தொழிலின் மானத்துக்கு இரண்டாவது விளக்கமே நல்லது. ஆனால் ஊருக்கு முதலாவதுதான் பிடிக்கிறது, அதனால் அது வாழ்கிறது. 'நோய்க்கும் பார், பேய்க்கும் பார்' என்பது வேறு மாதிரி. சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் போட்டால் மூடநம்பிக்கை போலத் தெரியும். கிளினிக்கில் இருபது வருடம் இருந்த எங்களுக்கு அது நல்ல வைத்திய முறையாகத் தெரிகிறது. உடம்பையும் பார், அந்த ஆளை ஆட்டுவது எது என்பதையும் பார். ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் இரண்டும் தப்பிவிடும்.

நம்பிக்கையோடு ஒட்டிய வருத்தங்களைத்தான் மொழிபெயர்ப்பது மிகக் கடினம். "அம்மாள் வந்திருக்கிறா" என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினால் தாயார் விருந்துக்கு வந்திருக்கிறார். 'சிக்கன் பொக்ஸ்' என்று போட்டால் வருத்தத்தின் பெயர் கிடைக்கும்; ஆனால் வாசலில் வேப்பிலை செருகியிருப்பதும், வீட்டில் தாளிப்பு இல்லாததும், அயலவர் வராமல் நிற்பதும் கிடைக்காது. அந்த வீடு தன்னைத்தானே தனிமைப்படுத்திக்கொண்டிருக்கிறது என்பதை அறியாத சுகாதார அதிகாரி, அதே தனிமைப்படுத்தலைச் சொல்லிக்கொடுக்கப் போய்க் கோபத்தை வாங்கிக்கொண்டு வருவார். 'பார்வை பார்த்தல்' என்றால் எந்த மொழியில் சொல்வது? குழந்தை பயந்து காய்ச்சல் வந்தால் நூல் கட்டுவோம். மெக்சிக்கோவிலும் தென் அமெரிக்காவிலும் இதே வருத்தத்துக்கு 'சுஸ்தோ' என்று பெயர். திடீர்ப் பயத்தில் ஆன்மா உடம்பை விட்டு விலகிவிட்டது என்பார்கள். நம் கண்ணூறு அங்கே 'மால் தே ஓஹோ'. நாவூறுக்குத்தான் ஆங்கிலத்தில் சொல்லே இல்லை. ஆங்கிலேயருக்குக் கண் மட்டும்தான் பொல்லாதது போலும், நாக்கு நல்லது! அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாவது கையேட்டில் சுஸ்தோவை அதே ஸ்பானியப் பெயரோடு சேர்த்திருக்கிறது. மொழிபெயர்க்காமல் விட்டதே நல்ல மொழிபெயர்ப்பு.

ஊர்ச்சொல்லைத் தெரிந்துகொள்வது ஊர் நம்பிக்கையை எல்லாம் ஒப்புக்கொள்வதல்ல. மெக்சிக்கோக் குடும்பங்களில் சாப்பாடு வயிற்றில் ஒட்டிக்கொண்டது என்று சொல்லும் வருத்தம் ஒன்று உண்டு, 'எம்பாச்சோ'. தமிழகக் கிராமங்களில் தொக்கம் என்பதற்குக் கிட்டியது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சில குழந்தைகளுக்கு ஈய நஞ்சேறியிருந்தது. எங்கிருந்து என்று தேடியபோது, எம்பாச்சோவுக்காக வீட்டில் கொடுத்த 'கிரேத்தா', 'அசர்க்கோன்' என்ற மஞ்சள், செம்மஞ்சள் தூள்களில் பெரும்பகுதி ஈயம் என்று தெரிந்தது. வீட்டு மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டிருந்தால் தாய் இல்லை என்றிருப்பாள். எம்பாச்சோவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் பதில் கிடைக்கும்.

போருக்குப் பிறகு இந்தச் சொற்களின் பாரம் கூடியது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' உட்படத் தம் எழுத்துகளில், இங்குள்ள மனக்காயம் உடம்பின் மொழியில் பேசுவதை எழுதியிருக்கிறார். பெருமூச்சு அவற்றில் ஒன்று. நாங்களும் தினமும் கேட்கிறோம். நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் உளையுது, தலைக்குள்ளை ஒரே யோசினை. மனச்சோர்வு என்ற அழகான புத்தகச் சொல்லைச் சொல்லி எந்த ஆச்சியும் எங்கள் கதிரையில் வந்து இருந்ததில்லை. சிம்பாப்வேயில் 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள், கூட யோசித்தல் என்று பொருள். நம் யோசினைதான்! அங்கே டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஊர்ப் பாட்டிமாரைப் பயிற்றி, ஆஸ்பத்திரி வளவில் ஒரு வாங்கில் இருத்தி, அந்தச் சொல்லாலேயே கதைக்க வைத்தார். அவர்களிடம் போனவர்களுக்கு அறிகுறிகள் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. உடுவிலிலும் வாங்குகள் உண்டு, ஆச்சிமாரும் உண்டு.

ஆனால் அவர்கள் குறைந்து வருகிறார்கள். அதனால்தான் இந்த மேடையில் இதைப் பேசுகிறோம். தொய்வு, முட்டு, கூகைக்கட்டு, செங்கமாரி, ஓங்காளம், பாரிசவாதம், வயிற்றுளைவு என்று சொன்னால் இந்த மண்டபத்தின் முன்வரிசைக்கு விளங்குகிறது. பின்வரிசையில் சிலர் கைபேசியில் தேடுகிறார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அம்மம்மாவின் நோ எந்தவகை நோ என்று கேட்கத் தெரியாது. குத்தா, எரிவா, உளைவா, விறைப்பா என்ற நாலும் அவர்களுக்கு 'பெயின்' ஒன்றுதான். எங்களுக்கோ அந்த நாலும் நாலு வேறு வருத்தங்களுக்குப் போகும் வழிகள்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். உலகெங்கும் உள்ள கிளைகள் ஒரு சொற்கோவை தொடங்கட்டும். உடம்பு, வருத்தம், மருந்து, பிள்ளைப்பேறு, பயம், பத்தியம், எதைப் பற்றியும் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன சொற்கள். வெறும் சொல்லுக்கு நேரே ஆங்கிலச் சொல் எழுதி அனுப்ப வேண்டாம். அந்த அகராதி 1862இலேயே வந்துவிட்டது. அவர் சொன்ன வசனத்தை முழுதாக எழுதுங்கள். எப்போது சொல்வார், யாருக்குச் சொல்வார், சொல்லும்போது கையை எங்கே வைப்பார் என்று எழுதுங்கள். எந்தப் பகுதிப் பேச்சு என்றும் போடுங்கள்; தீவுப்பகுதிச் சொல்லும் வலிகாமத்துச் சொல்லும் ஒன்றல்ல. குரலைப் பதிய முடிந்தால் இன்னும் நல்லது, அவருடைய சம்மதத்தோடு. ஆபத்தான பொருள் கலந்த வீட்டு மருந்து எதுவும் தெரிந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஊருக்குக் கூடாத பெயர் வரும் என்று பார்க்க வேண்டாம்.

வந்தவற்றை ஒழுங்குபடுத்தி ஆங்கில விளக்கம் சேர்க்கும் வேலையில் வைத்தியத்துறையிலும் தாதியர் துறையிலும் மொழிபெயர்ப்பிலும் இருக்கும் பழைய மாணவிகள் சிலர் கைகொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நூறு சொற்கள் சேர்ந்ததும் நம் உறவினர் அதிகம் போகும் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு சிறு கைநூலாகக் கொடுக்கலாம். இன்று மதிய போசனத்தின்போது மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருப்போம். கையில் பேனை உள்ளவர்கள் போகும் வழியில் ஒரு சொல்லாவது எழுதிவிட்டுப் போங்கள். முன்வரிசை அக்காமார் எழுந்து வரத் தேவையில்லை. கொப்பி உங்களிடம் வரும்.